திருச்சிலுவைத் துண்டும் என் வாசலில் நடந்த சண்டையும்

என் வீட்டுக்கு வருடத்தில் ஒரே ஒரு சாயங்காலம்தான் ஆட்கள் வருவார்கள். போன வருடம் அதுவும் நின்றுபோனது. என் சாட்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கூட்டமாக முழந்தாளிட்டுச் செபிக்கிற உங்களுக்கு, தனியாக முழந்தாளிடுகிற ஒருத்தி சொல்வது இது. என் பெயர் நிர்மலா. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை. மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பேன். ‘இதனால் நிரூபிக்கப்படுகிறது’, ‘இதனால் உறுதியாகிறது’. நாள் முழுக்க என் விரல்கள் மற்றவர்களின் உறுதிகளை அடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, சொந்தமாக எந்த உறுதியும் இல்லாமல் வீடு வந்து சேருவேன்.

என் கணவர் லூர்து இறந்து நான்கு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. அவருடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. ஆம்பிளை இருக்கிற வீடு என்று வெளியாட்கள் நினைக்கட்டும் என்றுதான் முதலில் விட்டுவைத்தேன். பிறகு அது எனக்கே தேவைப்பட்டது. தூசி தட்டுவேன். தூறல் விழுந்தால் ஓடிப்போய் உள்ளே எடுத்து வைப்பேன். அதை மட்டும் நனைய விட மனசு வராது.

தனிமையைச் சத்தத்தை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். குக்கர் விசில் அடித்தால் ‘வரேன், வரேன்’ என்று பதில் சொல்வேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் தண்ணீர் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன். அவர் பாவம், அடுத்த வீட்டு மாடிப்படியில் இன்னொரு சிலிண்டரைத் தூக்க வேண்டும் என்று ஓடுவார். அவர் போன பிறகு கேட் கொண்டியின் சத்தம் வீட்டுக்குள் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி அந்தச் சாயங்காலத்தைப் பற்றி.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு திருப்பண்டம் உண்டு. ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் துண்டு என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோம். எப்போதோ கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்தாராம். அதற்கான சான்றுத்தாள் ஏதோ ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. துண்டு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நெல்மணி நீளம் இருக்கும், அவ்வளவுதான். வட்டமான வெள்ளிச் சிமிழுக்குள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சிமிழின் முதுகில் சிவப்பு நூலைக் குறுக்காகக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு ஊற்றி, அதில் ஏதோ ஓர் ஆயரின் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். உள்ளே இருப்பதை யாரும் மாற்றவில்லை என்பதற்கு மிச்சமிருந்தது அந்த அரக்குதான்.

செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழா. அதற்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாளில் சிமிழ் தெருத்தெருவாக வரும். எங்கள் தெருவின் முறை வரும்போது என் வீட்டில்தான் வைப்பார்கள். என் வீட்டில்தான் சாமான் குறைவு, இடம் ஜாஸ்தி. தெரு முழுக்க வந்து உட்கார்ந்து செபமாலை சொல்லும். பிள்ளைகள் ஃபேன் ஸ்விட்சை நோண்டுவார்கள். பெண்கள் கேட்காமலேயே என் அடுப்படிக்குள் புகுந்து டம்ளர் எடுப்பார்கள். எல்லோரும் வரிசையாக வந்து, சிமிழில் உதடு வைத்து முத்தி செய்துவிட்டுப் போன பிறகு, பாயில் சுண்டல் தோல் சிந்திக் கிடக்கும். மறுநாள் வரை அதைக் கூட்ட மாட்டேன்.

எனக்கும் அந்தச் சிமிழுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கல்யாணமான புதிதில் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. விழுங்க முடியாது. பேச முடியாது. புதுச்சேரியில் வைத்தியம் பார்த்தோம். அந்த வருட நவநாளில் சிமிழை என் கழுத்தில் வைத்துச் செபித்தார்கள். கட்டி கரைந்தது. அன்றிலிருந்து யாருக்குத் திருப்பண்டத்தின் மேல் சந்தேகம் வந்தாலும் ‘நிர்மலாவப் பாரு’ என்று என் கழுத்தைக் காட்டுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மேரியக்கா சிமிழைத் தேய்த்தார்.

ஆரோக்கியமேரி அவர் முழுப்பெயர். துறைமுகத்துப் பக்கம் கருவாட்டு வியாபாரம். நவநாள் தொடங்குவதற்கு முன்னால் கோயிலின் வெண்கல விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது அவருடைய நேர்ச்சை. போன வருடம் யாரோ விளக்குகளோடு சிமிழையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதையும் கண்ணாடி போலத் துலக்கிக் கொண்டுவந்து பங்குத்தந்தையிடம் நீட்டினார். நானும் அங்கே இருந்தேன்.

“பாருங்க ஃபாதர், புதுசாட்டம். பின்னாடி எவ்ளோ அழுக்கு தெரியுமா? செகப்பா ஏதோ அரக்கு ஒட்டிக்கினு கெடந்துச்சு. கத்தியால சொரண்டி எடுத்துட்டேன். நூலும் இத்துப்போயிருந்துச்சு. எம் பொண்ணு கல்யாணப் பொடவையிலேருந்து பட்டு நூல் உருவிக் கட்டியிருக்கேன்.”

ஃபாதர் சின்ன வயதுக்காரர், புதிதாக வந்தவர். சிமிழைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் சூசை சார். ரிட்டயர்டான கெமிஸ்ட்ரி வாத்தியார். மேரியக்காவின் அக்காவைக் கட்டியவர். அக்கா இறந்த பிறகும் ஞாயிறுதோறும் மேரியக்கா வீட்டிலிருந்துதான் அவருக்கு மீன்குழம்பு போகும். அவர் பக்தியில்லாதவர் இல்லை. தினப்பூசைக்கு முதல் பெஞ்சில் இருப்பவர். பொய்யான ஒன்றை முத்தி செய்வது பாவம் என்பது அவர் கட்சி. கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“மூடி தெறந்துச்சா இல்லியா?”

“தெறந்துச்சு மாமா. ஒடனே மூடிட்டேன்.”

“உள்ள இருந்தது கீழ வுழுந்துச்சா?”

“வுழல.”

“கண்ணாடி போட்டுக்கினு பாத்தியா?”

“என் கண்ணாடி வூட்டுக்குள்ள இருந்துச்சு. எனக்குத் தெரியாதா மாமா?”

“அப்ப நாங்க இனிமே முத்தி செய்யப்போறது திருச்சிலுவையா, உன் வூட்டு வெளக்குமாத்துக் குச்சியா?”

ரெண்டொருவர் சிரித்துவிட்டார்கள். மேரியக்கா சிரிக்கவில்லை. “எம்மேல சந்தேகப்படுங்க மாமா. அதுமேல படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு குழம்பு போகவில்லை.

ஃபாதர் சிமிழைப் பூட்டிவைத்து ஆயர் இல்லத்துக்குத் தெரிவித்தார். விசாரித்துச் சொல்லும் வரை வீடுகளுக்கு எடுத்துப்போக வேண்டாம் என்று பதில் வந்தது. பங்கு இரண்டாகப் பிளந்தது. விசுவாசம்தான் முத்திரை, அரக்கு இல்லை என்றது ஒரு பக்கம். முத்திரை இல்லாததை எப்படி வணங்குவது என்றது இன்னொரு பக்கம். அந்த அரக்கே எந்த ஆயருடையது என்று யாருக்குத் தெரியும் என்றும் சிலர் பழைய சந்தேகங்களைக் கிளறினார்கள். இரண்டு பக்கமும் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள்.

மேரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஒரு வார்த்த சொன்னா போதும்டி. இதாலதான் நான் பொழச்சேன்னு சொல்லு. எல்லாரும் வாய மூடிக்குவாங்க.”

சூசை சார் உட்காரவே இல்லை. “நீ அப்ப மாத்திரையும் சாப்ட்டதானம்மா? அத மட்டும் சொல்லு.”

இருவரிடமும் ஒன்றையே சொன்னேன். எனக்குத் தெரியல.

“தெரியலையா? ஒன் கழுத்துல இருந்த கட்டி போனது ஒனக்கே தெரியலையா?” என்றார் மேரியக்கா.

“தீசிஸ்லாம் டைப் அடிக்கிற. இதுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியலன்னா என்னா அர்த்தம்?” என்றார் சார்.

அதோடு சரி. கோயிலில் ஒரு கட்சி இடதுபக்கம், ஒரு கட்சி வலதுபக்கம். நடுவில் நான். என்னைச் சுற்றி பெஞ்ச் காலியாகிக்கொண்டே போனது. சண்டை போடுகிறவர்களுக்காவது எதிராளி இருக்கிறார்.

எங்கள் தெருவின் முறை வந்த அன்று, சிமிழ் வராது என்று தெரிந்தும் கொண்டைக்கடலை ஊறவைத்தேன். பாய் விரித்தேன். கதவைத் திறந்துவைத்தேன். மெழுகுவர்த்தி பாதியானது. தெருவில் போகிறவர்களின் பேச்சு வரும், வாசலைத் தாண்டும், போய்விடும். அன்றைக்கு ஆண்டவரிடம் கோபமாகவே முறையிட்டேன். இருந்த ஒரு சாயங்காலத்தையும் இந்தச் சண்டை தின்றுவிட்டதே, இது உமக்குத் தேவையா என்று கேட்டேன். சுண்டலை மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் போனது. நவம்பர் வந்தது. அடைமழை ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு லீவு. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். பாசி. கால் போனது தெரிந்தது, விழுந்தது தெரியவில்லை. கண் திறந்தபோது வானம் மட்டும் இருந்தது. இடதுகால் என்னுடையது போலவே இல்லை. அசைந்தால் உயிர் போனது.

கத்தினேன். ஒரு பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள், பூட்டிய வீடு. மறுபக்கம் வலை வைக்கிற குடோன். அங்கே சீசனில்தான் ஆள் இருக்கும். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அடித்தாலும் எடுக்க முடியாது. ஆனால் அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இடுப்பை விட அது அதிகமாக வலித்தது.

எறும்புகள் வந்தன. எதையாவது பிடித்து நகரலாம் என்று கையை நீட்டினேன். தென்னை விளக்குமாறு கிடைத்தது. அது எதற்கு உதவும்? ஆனாலும் விடவில்லை. கையில் ஏதோ ஒன்று இருப்பது நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதைப் பிடித்துக்கொண்டு செபிக்கிறேன் என்று உறைத்தது. அவ்வளவு வலியிலும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

என் செபம் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னைக் குணமாக்கும் என்று கேட்கவில்லை. நடக்க வையும் என்றும் கேட்கவில்லை. ஆண்டவரே, யாராவது ஒருத்தர். அவ்வளவுதான். யாராவது ஒருத்தர். மத்தியானம் மழை மறுபடியும் தூறியது. முகத்தில் விழுந்தது. லூர்துவின் செருப்பு நனையுமே என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு செபிக்கக்கூட வார்த்தை வரவில்லை.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. இரண்டு பேர் சண்டை போடும் சத்தம்.

“நீங்க இங்க என்னா பண்றீங்க மாமா?”

“நீ எதுக்கு வந்த?”

“நான் எதுக்கோ வந்தேன். நீங்க அதுகிட்ட வெளக்குமாத்துக் கதையச் சொல்லி மனசக் கலைக்கத்தான வந்திருக்கீங்க?”

“திங்கக்கெழம ஆயர் இல்லத்துலேருந்து விசாரிக்க வராங்க. உள்ளது உள்ளபடி சொல்லும்மான்னு சொல்ல வந்தேன். எவ்ளோ நேரமா பெல் அடிக்கிறேன். தெறக்கல. ஆளு இல்ல.”

பெல் அடிக்கவே இல்லை. அதன் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. எப்போது என்று எனக்குத் தெரியாது. அதை அடிக்க யாரும் வந்ததில்லை. நான் கத்தினேன். அவர்கள் சண்டையில் என் குரல் எடுபடவில்லை.

“கெளம்புங்க, கெளம்புங்க. நான் அப்புறமா வந்து பேசிக்கிறேன்” என்றார் மேரியக்கா. கேட் கொண்டி விழும் சத்தம் கேட்டது. போகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு மேரியக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது.

“மாமா, நில்லுங்க. செருப்பு கெடக்குது.”

“அது லூர்து செருப்பு. அவன் செத்து எத்தன வருஷம் ஆச்சு.”

“அதான் மாமா சொல்றேன். செருப்பு மழையில நனையுது. நிர்மலா அத நனைய வுடாது. நாலு தூறல் வுழுந்தாலே எடுத்து உள்ள வச்சிடும். அது உள்ளதான் இருக்குது. என்னமோ ஆயிருக்குது மாமா.”

அன்பானவர்களே, அந்த ஈரத் தரையில் கிடந்தபடி நான் அதைக் கேட்டேன். இந்தச் செருப்பு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கருவாட்டுக் கூடையோடு தெருவில் போகும்போதெல்லாம் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். என்னுடைய ஒரு சின்னப் பழக்கம் இன்னொருவர் மனதில் பத்திரமாக இருந்திருக்கிறது. என்னை யாருக்கும் தெரியாது என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. குடோன் பக்கத்துச் சுவர் வழியாக வந்தார்கள். சூசை சாரின் தலை முதலில் தெரிந்தது.

“ஏறுங்க மாமா, நான் காலப் புடிச்சுக்குறேன்.”

“நீ கைய வச்சு முத்திரையே நிக்கல. நான் எப்படி நிப்பேன்?”

“இப்ப இதா பேசற நேரம்? ஏறுங்க!”

அவர் குதித்தார். வேட்டி கிழிந்தது. என்னைப் பார்த்ததும் “ஐயோ, மேரி” என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டார். மேரியக்கா ஓடிவந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

“கையில என்னாடி?”

“வெளக்குமாறுக்கா.”

சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் என் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். தினமும் டைப் அடிக்கப் போகிற அதே சாலை. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மறுபடி திருச்சிலுவையை ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தில் எவ்வளவு மரம் சிலுவைத் துண்டென்று சுற்றுகிறது தெரியுமா என்றார் சார். அதுல ஒண்ணாவது நெசமா இருக்கக்கூடாதா மாமா என்றார் மேரியக்கா. வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில், லூர்து போன பிறகு முதல்முறையாக, நான் பயமில்லாமல் தூங்கிப்போனேன்.

ஆபரேஷன் நடந்தது. வார்டிலும் அவர்கள் சண்டை தொடர்ந்தது. பக்கத்து படுக்கையில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து அம்மா ஒருவர், வயலில் வழுக்கி விழுந்து வந்தவர். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார். “ஏம்மா, நெசமோ பொய்யோ, அந்தக் குச்சியாலதான இவுங்க ரெண்டு பேரும் ஒன்ன வந்து பாத்தாங்க?”

விசாரிக்க வந்த குருவானவர் திங்கட்கிழமை நான் பங்கில் இல்லாததால் பிறகு ஆஸ்பத்திரிக்கே வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசினார். மேரியக்காவும் சாரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“கட்டி இருந்துச்சு ஃபாதர். மாத்திரையும் சாப்ட்டேன். சிமிழும் வச்சாங்க. கட்டி போயிடுச்சு. எதால போச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரு அனுப்பினதுன்னு தெரியும்.”

“கேட்டீங்களா மாமா?” என்றார் மேரியக்கா.

“கேட்டேன். நான் சொன்னததான் அதுவும் சொல்லுது” என்றார் சார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிவு வந்தது. உண்மையென்று சொல்லவும் வழியில்லை, பொய்யென்று சொல்லவும் வழியில்லை. ஆகவே பீடத்தில் பொது வணக்கத்துக்கு வைக்க வேண்டாம். அவமதிக்கவும் வேண்டாம். மரியாதையான ஓர் இடத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும். எந்த இடம் என்று பங்குக் கூட்டத்தில் மறுபடி தகராறு. கோயிலில் இருந்தால் திருவிழாவுக்கு யாராவது வெளியே எடுத்துவிடுவார்கள். மேரியக்கா வீடு கூடாது என்றார்கள். சார் வீட்டுக்குக் கொடுத்தால் ஆசிட்டில் போட்டுப் பார்த்துவிடுவார் என்றார் மேரியக்கா. கடைசியில் சாரே எழுந்தாராம்.

“நிர்மலா வூட்ல இருக்கட்டும். நம்மள்ல அதுக்குத்தான் எதுவும் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்களாம். ஒருவரும் மறுக்கவில்லையாம்.

இப்போது சிமிழ் என் வீட்டு மாடத்தில் இருக்கிறது, பட்டு நூலோடு. வருடத்தில் ஒரு சாயங்காலம் வந்தது என்னோடேயே தங்கிவிட்டது. மேரியக்கா தினமும் வருகிறார். ஒரு செபமாலை சொல்லிவிட்டு, “லேசாத் தொடைக்கட்டுமா?” என்று கேட்கிறார். சார் அவர் துடைக்காமல் பார்த்துக்கொள்ள வருகிறார். பெல்லுக்குப் பேட்டரி மாற்றியதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இப்போது என் வீட்டில்தான் கை மாறுகிறது. எனக்கும் அதில் ஒரு கிண்ணம் உண்டு. நம்புகிறவர்கள் முத்தி செய்கிறார்கள். நம்பாதவர்கள் நலம் விசாரித்துவிட்டு ஓரக்கண்ணால் மாடத்தைப் பார்க்கிறார்கள். பாயில் ஏதாவது சிந்திக் கிடக்கிறது. பயமில்லாமல் கூட்டிவிடுகிறேன்.

தனிமை முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் போன பிறகு லூர்து இல்லாத வீடு லூர்து இல்லாத வீடுதான். கட்டிலின் அந்தப் பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. ஆனால் நான் கேட்டது யாராவது ஒருத்தர். வந்தது இருவர். எந்தச் சண்டை என் சாயங்காலத்தைத் தின்றது என்று அழுதேனோ, அந்தச் சண்டை இல்லாவிட்டால் அன்று என் வாசலுக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் ஒருத்தி இருந்தால் அவளிடம் சொல்கிறேன். அம்மா, கேள். சின்னதாகவே கேள். பதில் எந்த முகத்தோடு வரவேண்டும் என்று மட்டும் நீயே முடிவு செய்துவிடாதே. அது உனக்குப் பிடிக்காத இரைச்சலோடு உன் கேட்டுக்கு வெளியே நிற்கலாம். அப்புறம், உன் வீட்டு பெல் அடிக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. என்னால் இன்னும் சட்டென்று எழுந்திருக்க முடியாது. கைத்தடியைத் தேடுகிறேன். அதற்குள் வாசலில் யாரோ லூர்துவின் செருப்பை எடுத்து உள்ளே வைக்கிற சத்தம் கேட்கிறது.